விதைநெல் போல் முடி சேர்த்தவரின் ஊருக்கு

முடியை முளைக்கத் தூண்டும் செல்கள் தோலுக்குள், முடிவேரின் அடியில் இருக்கின்றன. ஆய்வகத்தில் அவற்றை அடையாளம் கண்டு பிரித்தெடுக்க முடிகிறது. அவற்றைச் செலுத்தியபோது எலிகளுக்கு முடி முளைத்திருக்கிறது. மனிதருக்கு அந்தச் சிகிச்சை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இன்று காலை தஞ்சாவூர் தோல் மருத்துவர் ஒருவர் இதை உறுதிப்படுத்தினார். நான்கு மாதங்களுக்கு முன்பே நான் இதைக் கேட்டிருக்க வேண்டும். அப்போது நாளிதழில் இதுபற்றி எழுதி, ‘வழுக்கைக்கு விடிவு’ என்று தலைப்பும் வைத்தவன் நான்தான். எலி என்ற சொல்லே ஐந்தாவது பத்தியில்தான் வந்தது.

அந்தச் செய்தியைப் படித்த ஒரு பெண் போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். "சார், முடியை எங்க கொண்டாந்து குடுக்கணும்?" திருவையாற்றுக்கு அப்பால் குத்தகை நிலத்தில் நெல் போடும் ஆரோக்கியமேரி. உதிர்ந்த முடியைச் சேர்த்து வைத்திருக்கிறாராம். அது பயன்படாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நல்ல படம் கிடைக்கும் என்று நினைத்து, "நேர்ல வர்றேம்மா" என்றேன்.

நேற்றுக் காலை 7.10க்குத் தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் திருவையாற்றுக்குப் பஸ் ஏறினேன். பதின்மூன்று கிலோமீட்டர், நாற்பது நிமிடம், பதினைந்து ரூபாய். வடவாற்றில் தொடங்கிக் காவிரி வரை ஐந்து ஆறுகளைத் தாண்டும் சாலை. ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு ஆட்டோ, 150 ரூபாய். சம்பா நடவு நேரம். நாற்றுக்கட்டு ஏற்றிய டிராக்டருக்கு வழிவிட்டுப் பத்து நிமிடம் நின்றோம்.

"மேரி அக்கா வீடா? தலையில துண்டு கட்டியிருப்பாங்களே, அவங்கதானே?" என்றார் ஓட்டுநர்.

அவர்தான். பிரிட்ஜைத் திறந்து எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்தார்.

"மீன் வைக்க இடமில்ல சார், மகாராணி முடிதான் ஐஸ்ல படுத்திருக்கு" என்றார் கணவர் அந்தோணி.

"நீங்க சும்மா இருங்க." டப்பாவில் எந்த வாரம் என்று எழுதிய காகிதப் பொட்டலங்கள். "பதரைத் தள்ளிட்டு விதைநெல்லு எடுக்கிற மாதிரிதான் சார். நுனியில வெள்ளையா வேர் இருக்கறத மட்டும் எடுத்து வெச்சேன்."

அந்தச் செல் உதிரும் முடியோடு வராது, தோலிலேயே தங்கிவிடும் என்றேன்.

"அப்ப இது வைக்கோலா?"

"ஆமாம்மா."

அந்தோணியின் சிரிப்பு நின்றது. மேரி டப்பாவை மூடினார். "டாக்டர் குடுத்த மருந்த நிறுத்திட்டேனே சார். தடவுனா செல்லு கெட்டுப்போயிரும்னு நானா நெனச்சுக்கிட்டேன். மூணு மாசமாச்சு."

துண்டை அவிழ்த்துக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லாத மூன்று இடங்கள். முன்பு ஒன்றுதான் இருந்ததாம், ஒரு ரூபாய்க் காசு அளவில். கேமராவைப் பையிலிருந்து நான் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டபோது, "காப்பி ஆறுது, குடிங்க சார்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இன்று காலை அவர்கள் இருவரும் தஞ்சாவூர் வர, மூவரும் அந்தத் தோல் மருத்துவரிடம் போனோம். சில நோய்களில் முடிவேர் தழும்பாகிவிடும், பிறகு மீட்க முடியாது என்றார் மருத்துவர்; சோதனைக்குத் தலைத்தோலில் சிறு துண்டு எடுத்திருக்கிறார்.

இந்த வழியில் உள்கிராமங்களுக்குப் போகிறவர்கள் ஆட்டோவைத் திரும்பும்வரை நிறுத்தி வையுங்கள். காத்திருப்புக்கு ஓட்டுநர் என்னிடம் நூறு ரூபாய் வாங்கினார். மருத்துவச் செய்தி படித்தால், மனிதருக்கா எலிக்கா என்று பாருங்கள். மருந்தை நிறுத்துமுன் மருத்துவரைக் கேளுங்கள். என்னைப் போன்றவர்களை நம்பி நிறுத்தாதீர்கள்.

என் திருத்தம் ஞாயிற்றுக்கிழமை வரும். பழைய தலைப்பின் அளவிலேயே போடக் கேட்டிருக்கிறேன். ஆசிரியர் நாளை சொல்வார். மேரியின் தலையில் வேர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்பது அடுத்த வெள்ளிக்கிழமை தெரியும்.