பேரீச்சை மரத்தில் என் ஓலைகள்

கிரின்ஸ்டெட் என்ற டேனிஷ் ஊரில் மூன்று தொழிற்சாலைகளுக்கு இரும்புப் படிகள் கட்டிக் கொடுத்தேன். கோயில் தேருக்குச் சில்லு செய்தேன். எந்த வங்கியும் என்னை நம்பாத காலத்தில் பழைய மாட்டுக்கொட்டில் ஒன்றைப் பட்டறையாக்கினேன். படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. வெல்டிங் சோதனையில் டேனிஷ் கேள்வியை வாசிக்கத் தெரியாமல் இரண்டு தரம் கோட்டைவிட்டேன். மூன்றாம் தரம் என் கைவேலையைப் பார்த்துச் சோதித்தவரே சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

இப்போது கை நடுங்குகிறது. பட்டறை போய்விட்டது, தொழிற்சாலைகள் மூடி அந்தப் படிகளும் பழைய இரும்பாகிவிட்டன, தேருக்கும் வேறு சக்கரம் போட்டுவிட்டார்கள். மிஞ்சி நிற்கிற ஒரே வேலை ஒடென்சே நகரில் நிற்கிறது. அதில் என் பெயர் இல்லை.

அதைச் செய்விக்க வந்தவள் ஒரு சிற்பி. பெற்றோர் ஈராக்கியர், அவள் பிறந்தது இங்கே. அரபு நாடுகளின் சின்னங்களை, பள்ளிவாசல் சுவர்களில் வருகிற எட்டுமுனை நட்சத்திர வேலைப்பாட்டால் இரும்பில் செய்கிறவள். என்னிடம் பேரீச்சை மரம் கேட்டாள். வரைபடத்தில் தண்டுக்கு அளவு இருந்தது, நட்சத்திரம் வெட்டவும் அளவு இருந்தது. தலைக்கு வெறும் வட்டம்தான். ஓலையை நீங்களே பார்த்து வையுங்கள் என்று டேனிஷில் சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குத் தெரிந்த ஓலை ஒன்றுதான். குளிர்காலம் முழுக்க இருந்து, விசிறிபோல் விரிந்த பதினெட்டு ஓலைகளை நட்சத்திரம் நட்சத்திரமாக வெட்டி ஒட்டினேன். வந்து பார்த்தவள் மரத்தை ஒருதரம் சுற்றிவந்தாள்.

"பேரீச்சை ஓலை இறகு மாதிரி நீளமாய் இருக்கும். இது என்ன மரம்?"

"பனை. எங்கட மரம்."

"நான் கேட்டது எங்கட மரத்தை."

எனக்கு முகம் கறுத்துவிட்டது. கழற்றி மாற்றித் தருகிறேன் என்றேன். அவள் ஓர் ஓலையைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

"வேண்டாம். நான் அப்பாவின்ரை ஊரைக் கண்டதே இல்லை. நான் நினைக்கிற மரமும் இப்பிடித்தான் பிழையாய் இருக்கும்."

திறப்பு விழாவன்று தூறல். என் மகள் மரத்தடியில் வைத்த பெயர்ப்பலகையை எனக்கு வாசித்துக் காட்டினாள்: எந்த நாட்டிலும் இல்லாத மரம், சிற்பியின் கற்பனை. கீழே அந்தச் சிற்பியின் பெயர் மட்டும்.

"என்ரை பேரையும் போடச் சொல்லு, பிள்ளை."

மகள் சிரித்தாள். "பிழைவிட்டதுக்கும் பேர் வேணுமோ, அப்பா?"

கூட வந்த என் சிநேகிதர் அதற்குமேல் போனார். "கோபுரத்திலை கொத்தனின்ரை பேரை ஆர் அண்ணை எழுதினவை?"

இருவருக்கும் நான் பதில் சொல்லவில்லை. குடையும் விரிக்காமல் காருக்குள் போய் இருந்துகொண்டேன்.

பதிலை இங்கே எழுதுகிறேன். எந்த நாட்டிலும் இல்லாத மரம் என்பது பொய். அந்த ஓலை அவள் கற்பனையும் அல்ல, என் கை. பிழை என்றால் பிழை என்றே எழுதுங்கள், எனக்கு வெட்கமில்லை. ஆனால் யாருடைய பிழை என்று, பெயரைப் போட்டு எழுதுங்கள்.