உப்பியிருந்த புத்தகம்

ரோமன் வெங்கர்ட் கூரைமேல் ஏறிவிட்டால் கீழே மேய்கிற கோழிக்குக்கூட ஒரு பட்டப்பெயர் கிடைத்துவிடும். அப்படியொரு வாய். ஓஹாயோவில் ஹோம்ஸ் கவுண்டி முழுக்க, காரும் கரண்டும் வேண்டாமென்று வாழும் எங்கள் ஆமிஷ் கிறிஸ்தவர் வீடு, வெளியார் வீடு என்று பார்க்காமல் தகரக்கூரை போடுகிறவன். முப்பத்தொன்பது வயது, ஆறு பிள்ளைகள், பாதி மார்புவரை தாடி. ரசமட்டம் வைக்காமலே, "இடது பக்கம் அரை விரல் இறங்கியிருக்கு" என்பான். வைத்துப் பார்த்தால் சரியாக அரை விரல்தான் இறங்கியிருக்கும்.

அந்த வருஷம் அவனுக்கு மொன்டானாப் பித்துப் பிடித்திருந்தது. அங்கே குடியேறிய மைத்துனன், வீட்டுக்குப் பின்னாலேயே எல்க் மான் வந்து நிற்கிறது என்று கடிதம் எழுதிவிட்டான். போதாதா! சின்ன வயதிலிருந்தே மலையைக் கனவு கண்டவன் ரோமன். வசந்தத்தில் கிளம்புவதென்று முடிவாகி, அக்டோபரிலேயே பாதிச் சாமான் பெட்டிக்குள் போயாயிற்று. வீட்டில் யாராவது ஒரு சட்டியைத் தேடினால், "அது முன்னாடியே மொன்டானா போயிடுச்சு" என்று பதில் வரும்.

இந்த நேரம் பார்த்துச் சபையின் போதகர் ஒருவர் காலமானார். அவர் இடத்துக்கு ஆள் வேண்டும். எங்களில் யாரும் போதகராவதற்குப் படிப்பதில்லை. எனக்கு ஆசை என்று ஒருவன் வாய்விட்டுச் சொன்னால் போதும், அதற்காகவே அவனை ஒதுக்கிவிடுவோம். ஆணும் பெண்ணும் ஒவ்வொருவராகப் போய், கதவிடுக்கில் பிஷப்பின் காதில் ஒரு பெயர் சொல்ல வேண்டும். மூன்று பேராவது சொன்ன பெயர்கள் சீட்டுக்குப் போகும். சீட்டு விழுந்தவன் சாகிறவரை போதகர்; சம்பளம் கிடையாது, சபையை விட்டு வேறு ஊர் போவதும் கிடையாது. மாட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. ஞானஸ்நானத்தின்போதே, சீட்டு விழுந்தால் ஏற்றுக்கொள்கிறேன் என்று எல்லா ஆண்களும் வாக்குக் கொடுத்தாயிற்று. பதினெட்டு வயதில் எவன் அதை யோசித்துச் சொல்கிறான்!

"எனக்குப் பயமே இல்ல. என் பேரை எவன் சொல்லுவான்?" என்றான் ரோமன், கூட வேலை செய்யும் டெல்பர்ட்டிடம்.

"உன்னைப் போதகராக்கினா குதிரையெல்லாம் சிரிக்கும்டா," என்றான் டெல்பர்ட்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து பெயர்களை வாசித்தார் பிஷப் ஏனோஸ். மூன்றாவது பெயர் ரோமன் வெங்கர்ட். நான்காவது டெல்பர்ட் ராபர். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த வெர்னா கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ரோமனின் மனைவி அவள். சிரிக்க எதுவும் கிடைக்காமல் ரோமன் முழித்தது அன்றைக்குத்தான்.

மேசைமேல் ஐந்து பாட்டுப்புத்தகங்கள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு ரப்பர் வளையம். ஒன்றுக்குள் மட்டும் வேதவசனம் எழுதிய சீட்டு. வயது வரிசைப்படி போய் எடுக்க வேண்டும். மூத்தவர் இருவரும் எடுத்துவிட்டார்கள். ரோமன் எழுந்தபோது மூன்று மிச்சம்.

பாழாய்ப்போன கண்! நடுப்புத்தகம் ஒரு மயிரிழை உப்பியிருந்ததை அது பார்த்துவிட்டது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. தகரம் எங்கே மேடு தட்டுகிறது என்று இருபது வருஷம் பார்த்த கண்ணுக்குத் தெரிந்தது. ரோமன் கை நடுவே போகாமல் இடப்பக்கம் போய், அங்கிருந்ததை எடுத்துக்கொண்டது. உட்கார்ந்தபின் பார்த்தான், டெல்பர்ட் அந்த நடுப்புத்தகத்தோடு வந்து பக்கத்தில் அமர்ந்தான். ஐயோ பாவம் என்று நினைத்தான் ரோமன். வெட்கமாகவும் இருந்தது, அந்த வெட்கத்துக்கு நடுவிலேயே எல்க் மானும் நின்றது.

பிஷப் வரிசையாகப் பிரித்துக்கொண்டே வந்தார். முதல் புத்தகத்தில் இல்லை. இரண்டாவதில் இல்லை. ரோமன் மடியிலிருந்ததைப் பிரித்தார். அதில் இருந்தது சீட்டு.

சபையே அழுதது. எங்களில் இதற்கு யாரும் வாழ்த்துச் சொல்வதில்லை, பாரம் விழுந்தவனுக்காக அழுவோம். ஏனோஸ் அவனை நிற்கவைத்து அங்கேயே போதகராக்கி, எங்கள் வழக்கப்படி முத்தமிட்டார்.

மறுநாள் காலை ரோமனுக்கு ஒரு யோசனை வந்தது. செய்தது தப்பு, சீட்டிலே கண்ணை ஓட்டியவன் போதகராகலாமா? பிஷப்பிடம் ஒத்துக்கொண்டால் மறுபடி சீட்டுப் போடச் சொல்வார். மனச்சாட்சியும் சுத்தமாகும், மொன்டானாவும் மிஞ்சும். என்ன நேர்த்தியான மனந்திரும்புதல் பாருங்கள்! ஆனால் அதற்கு முன்னால் டெல்பர்ட்டிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமே. நேரே வேலையிடத்துக்குப் போய்க் கூரைமேல் ஏறினான்.

"டெல்பர்ட், நடுப்புத்தகம் உப்பியிருந்துச்சு. பாத்துட்டேன். பாத்துட்டுத்தான் உன் தலையில கட்டிட்டு நழுவினேன்."

டெல்பர்ட் சுத்தியலைக் கீழே வைத்தான். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"நானும் உன்கூடப் பதினாறு வருஷமா தகரம்தானேடா அடிக்கிறேன்? எனக்குக் கண்ணு பொட்டையா? உப்பினதையும் பாத்தேன், நீ நழுவினதையும் பாத்தேன்."

"அப்புறம் ஏன்டா அதையே எடுத்த?"

"எனக்கப்புறம் அந்தச் சின்னப் பய வெய்ன் மட்டும்தானே பாக்கி? அவன் பொண்டாட்டி ரெட்டைப் பிள்ளை பெத்துப் பத்து நாள் ஆகலை. நீ மொன்டானான்னு உயிரை விடுற. போகட்டும், நாமளே சுமந்துக்குவோம்னு எடுத்தேன்." பிறகு டெல்பர்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். "அப்புறம் பிரிச்சுப் பாத்தா உள்ள என்ன தெரியுமா? பெப்பர்மின்ட் மிட்டாய்த் தாள்! எந்தக் கொழந்தையோ நாலா மடிச்சுச் சொருகி வச்சிருக்கு!"

ரோமனுக்குச் சிரிப்பு வரவில்லை. கூரை உச்சியில் உட்கார்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு விக்கி விக்கி அழுதான். இவ்வளவு நல்லவனின் தலையில் கட்டப் பார்த்தோமே என்று அவமானமாக இருந்தது.

"பிஷப்கிட்ட போய்ச் சொல்லணும்னா சொல்லு. மறுபடி சீட்டுப் போடட்டும். எனக்கு விழுந்தா விழட்டும்," என்றான் டெல்பர்ட்.

"நீ ஆணியை அடி," என்று இறங்கிவிட்டான் ரோமன்.

பிஷப் வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பவில்லை. நேரே வீட்டுக்கு வந்து வெர்னாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "பெட்டியைப் பிரி," என்றான்.

"அப்போ மொன்டானா?"

"அந்த மானெல்லாம் பிழைச்சுப் போகட்டும்."

வெர்னா அவன் முகத்தையே பார்த்தாள். "வருத்தமா இருக்கா, ரோமன்?"

"இருக்கு. ரொம்பவே இருக்கு. நீ பிரி."

அடுத்த ஆராதனையில் அவனுடைய முதல் பிரசங்கம். எங்கள் போதகர்கள் தாளில் குறித்துக்கொண்டு வருவதில்லை. மனதில் வருவதைச் சொல்ல வேண்டும். ரோமன் எழுந்து நின்றான். ஊருக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்த வாய் வறண்டு கிடந்தது. பிறகு மிட்டாய்த்தாள் கதையை ஒன்று விடாமல் எல்லார் முன்னாலும் சொன்னான். டெல்பர்ட் வெட்கம் தாங்காமல் தரையைப் பார்த்தான். பிஷப் ஏனோஸ் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"எனக்குப் பேசத் தெரியும்னு நெனச்சிருந்தேன். இதுக்கு மேல தெரியலை," என்றான் ரோமன். "நான் ஆண்டவர்கிட்டேயிருந்து தப்பிச்சு ஓடினேன். ஓடிப்போய் நின்ன இடத்துல எனக்கு முன்னாடியே அவர் வந்து உட்கார்ந்திருந்தார். இனிமே ஓடலை."

உட்கார்ந்துவிட்டான்.