டிரெசர் மாப்பிள்ளையும் ஒட்டிக்கொண்ட முன் பிரேக்கும்

மோட்டார் சைக்கிள் ரிப்பேர்க்காரனிடம் யாரும் வண்டியை ஓட்டிக்கொண்டு வருவதில்லை, தள்ளிக்கொண்டுதான் வருவார்கள். பழைய வண்டி வாங்கி மாட்டிக்கொண்ட என் சகோதரர்களே, முன் பிரேக் ஒட்டிக்கொண்டால் என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மலாயாவின் ஈப்போ நகரில் காரைவிட மாட்டுவண்டி அதிகம் ஓடிய நாளில், அங்கே சிலிபின் பகுதியில் பட்டறை வைத்திருந்தேன். அந்தப் பாடு முழுசும் பட்டவர் டிரெசர் சிவலிங்கம். கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டுகிறவர்.

பால் வாளி

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். சிலிபினில் பெண் பார்க்கப் போகிறாராம். பெண்ணின் அப்பா ரயில்வே கார்டு, கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக்கொடி காட்டுகிறவர். நேரம் தப்பினால் அவருக்குப் பிடிக்காது. "இன்ஜின் செத்துப்போச்சுண்ணே, இழுக்கவே மாட்டேங்குது" என்றார். நான் இன்ஜின் பக்கம் திரும்பவே இல்லை. விரலில் எச்சில் தொட்டு முன் சக்கரத்துப் பிரேக் டிரம்மில் வைத்தேன். சுர்ரென்றது. எடுத்ததும் இன்ஜினைத் திட்டுகிறவர்களே, முதலில் டிரம்மைத் தொட்டுப் பாருங்கள். உள்ளங்கையை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

பிரேக்கை விட்டதும் திரும்ப வேண்டிய சின்ன நெம்புகோல், ரப்பர் பால் வழிந்து காய்ந்து அப்படியே ஒட்டிப்போயிருந்தது. விசாரித்தால், பால்மரம் வெட்டும்போது காலில் கத்தி பட்ட ஒரு அம்மாவை முதல் நாள் பின்னால் ஏற்றி வந்திருக்கிறார், அவள் வாளியை முன்னால் தொங்கவிட்டு. "வாளியை அங்கேயே விட்டுட்டு வர வேண்டியதுதானே?" என்று ஏசினேன்.

"அந்தம்மா காலைக்கூட விட்டுட்டு வரும்ணே, வாளியை விடாதுலா. பால் நிறுக்கலைன்னா அன்னிக்குப் பேரு போடமாட்டாங்க, கூலி போயிடும்."

இடது பக்கம்

அன்றைக்கு அவர் போய்ச் சேருவதற்குள் காப்பி ஆறிப்போய்விட்டது. ஆறின காப்பியைக் கொண்டுவந்து வைத்த பெண்ணைப் பார்த்ததும் மனிதர் விழுந்துவிட்டார். கார்டுதான் முகம் கொடுக்கவில்லை. போனால் போகிறதென்று இன்னொரு நாள் சொன்னார். அன்றைக்கும் நம் ஆள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

டிரம் கொதித்தது, பால் இல்லை. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினேன், ஜோராகச் சுற்றியது. ஹேண்டிலை வலது பக்கம் திருப்பினேன், சுற்றியது. இடது பக்கம் திருப்பினேன், கப்பென்று பிடித்தது! பழைய பிரேக் கம்பி துருப்பிடித்ததென்று சைக்கிள் கம்பியை இவரே வாங்கி மாட்டியிருக்கிறார். நீளம் போதாமல், இடது பக்கம் திருப்பும்போதெல்லாம் அது பிரேக்கை இழுத்திருக்கிறது. "ஏன்யா, நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கத்தினேன்.

"நேராப் போனா நல்லாத்தான்ணே போகுது. பொண்ணு வீடுதான் இடது பக்கம் இருக்கு."

எலுமிச்சம்பழம்

அடுத்த ஞாயிறு நாலு மணிக்குள் வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி கார்டு ஆள் அனுப்பிவிட்டார். டிரெசர் அழாத குறை. நான் சரியான கம்பி போட்டு, பிரேக் கட்டையைத் தேய்த்து, சக்கரத்தைச் சுழலவிட்டுக் காட்டினேன். "இனிமே பிடிச்சா என் பட்டறையை மூடிடறேன், போய்யா!" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி தாண்டிவிட்டது. இன்ஜின் அலற, முன் சக்கரம் புகைய, டிரெசர் என் பட்டறையைத் தாண்டிப் போகிறார்! எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்பேனரோடு பின்னாலேயே ஓடினேன். பெண் வீட்டு வாசலில்தான் பிடித்தேன். கார்டு கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் ஹேண்டிலைப் பார்த்தேன். ஒரு எலுமிச்சம்பழம். அதைக் கட்டிய மஞ்சள் கயிறு பிரேக் பிடியையும் ஹேண்டிலையும் சேர்த்து இறுக்கியிருக்கிறது. "அவுக்காதீங்கண்ணே, கண்ணு படக்கூடாதுன்னு அம்மா கட்டுனது!" என்று டிரெசர் என் கையைப் பிடித்தார். "விளக்குல தொங்கினாலும் சாமி பார்த்துக்கும்" என்று பழத்தை அவிழ்த்து முன்விளக்கில் தொங்கவிட்டேன்.

கார்டு படியிறங்கி வந்து கருகின வாடையை மூக்கால் உறிஞ்சினார். குனிந்து, சூட்டில் நீலம் பாய்ந்த டிரம்மைப் பார்த்தார். கடிகாரத்தைப் பையில் போட்டார்.

"பிரேக் பிடிச்ச ரயில் பெட்டியை இழுத்துட்டு வர்ற கஷ்டம் எனக்குத் தெரியும். வர மனசில்லாமத்தான் லேட்டாகுதுன்னு நெனச்சுட்டேன். உள்ள வாங்க மாப்ளே, காப்பி சூடா இருக்கு."

நான் ஒழுங்காகச் சரிசெய்து கொடுத்த பிரேக்கால் ஆகாத கல்யாணம், புகைந்துபோன பிரேக்கால் ஆனதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.