கதிர் பாய்ந்த தேன்பெட்டிகள்

தையல்காரம்மா தேனீ வளர்க்க வந்தது தற்செயல்தான். ஒரு மத்தியானம் அவள் கடைக்குள் தேனீக்கூட்டம் ஒன்று திமுதிமுவென்று புகுந்து, ஓடாமல் கிடந்த பழைய தையல் மெஷினில் கொத்தாகத் தொங்கிவிட்டது. கடையில் இருந்தவர்கள் தெருவுக்கு ஓடினார்கள். அவள் மட்டும் துணி வந்த அட்டைப்பெட்டியைக் காலி செய்து, மெஷினுக்கு அடியில் வைத்து, ஒரு தட்டு தட்டினாள். கூட்டம் பொத்தென்று உள்ளே விழுந்தது. ஒரு கொட்டுகூட வாங்கவில்லை. அன்றைக்குப் பிடித்த பித்து அது. நாலைந்து வருஷத்தில் ரயில் பாதைக்கு அப்பாலிருந்த காலி மனையில் வரிசை வரிசையாகப் பெட்டிகள் நின்றன. ஆனாலும் ஊருக்கு அவள் தையல்காரம்மாதான். கிழிந்த கால்சட்டையோடு வருகிறவர்கள் தைத்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, கூடவே ஒரு பாட்டில் தேனும் வாங்கிப் போவார்கள்.

அந்த வருஷம் பூக்காலம் தொடங்கிய நேரத்தில் ஒரு பெட்டியைத் திறந்தவளுக்கு மூக்கில் சுரீரென்று ஏறியது, அழுகின பசை வாடை. முத்து மாதிரி வெள்ளையாக இருக்கவேண்டிய தேனீப் புழுக்கள் பழுப்பாகக் கரைந்து கிடந்தன. தீக்குச்சியை அடையின் அறை ஒன்றுக்குள் விட்டு இழுத்தாள். கோந்து நூல் மாதிரி நீண்டுகொண்டே வந்தது. வாழ்நாள் முழுக்க நூலோடு புழங்கியவள்தான். இந்த நூலைப் பார்த்ததும் பெட்டியை மூடிவிட்டு ஆய்வாளருக்குச் சொல்லியனுப்பினாள்.

தேனீ ஆய்வாளர் வந்தார். ஜலதோஷத்தில் எப்போதும் மூக்கை உறிஞ்சும் ஒல்லி மனிதர். பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"புழு அழுகல் நோய்ம்மா. எல்லாப் பெட்டியிலயும் பரவியிருக்கு. மனுஷங்களை ஒண்ணும் பண்ணாது, இந்தத் தேனை நாம தாராளமா சாப்பிடலாம். தேனீங்களுக்குத்தான் எமன். கிருமி விதை மாதிரி ஆகி, மரத்துலயும் மெழுகுலயும் தேன்லயும் ஒளிஞ்சுக்கும். நாம கிழடு தட்டுற வரைக்கும் அது சாகாது. கொதிக்கிற தண்ணிக்கே அசையாது."

"அப்போ?"

"நோய் வந்த பெட்டியில இருக்கிற ஈக்களைக் காப்பாத்த முடியாது. பெட்டிங்களையும் கொளுத்திடறதுதான் வழக்கம்." மூக்கை உறிஞ்சினார். இந்தத் தடவை அது ஜலதோஷம் இல்லை. "இன்னொரு வழி இருக்கு. துறைமுகத்துப் பக்கம் கதிர்வீச்சு நிலையம் ஒண்ணு. ஊசி, கையுறை, மிளகாய்த்தூள் எல்லாத்துக்கும் அங்கதான் கிருமி நீக்குறாங்க. தேனோட, அடையோட, பெட்டியை அப்படியே சுத்திக் கட்டிக் குடுத்துடலாம்."

அன்று அந்திக்குள் ஈக்களின் கதையை முடித்தார்கள். அந்த மனையில் அப்படி ஒரு அமைதியை அவள் அதுவரை கேட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டாள்.

அவள் கணவர் பஸ் டிரைவர். வாய் கொஞ்சம் நீளம். மறுநாள் கதிர்வீச்சு விஷயம் தெரிந்ததும் பிடித்துக்கொண்டார்.

"அணுகுண்டு சமாசாரம்டி அது! பெட்டியெல்லாம் ராத்திரியில பளபளன்னு எரியப்போகுது. கரண்ட் பில்லாவது மிச்சமாகும், போ."

நாத்தனாரோ, "அண்ணி, அந்தத் தேனை எங்க வீட்டுப் பக்கம் கொண்டு வந்துடாதீங்க" என்று போனிலேயே கையெடுத்துக் கும்பிட்டாள்.

தையல்காரம்மாவுக்கும் உள்ளூர உதறல்தான். ஆனால் கொளுத்துவதற்கு மனசு வரவில்லை. பெட்டிகளை இறுகச் சுற்றிக் கட்டி, பிழிந்து வைத்திருந்த தேனில் கொஞ்சத்தைப் புதுத் தேனீக்களுக்குத் தீனியாகக் கண்ணாடி ஜாடிகளில் நிரப்பி, வண்டியில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டாள். கண்ணால் பார்க்காமல் எதையும் விட்டுக் கொடுக்கிற ஜாதி இல்லை அவள்.

நிலையத்தின் பொறியாளர், வாய்விட்டுச் சிரிக்கிற ஒரு பெண். அன்று பராமரிப்பு நாள். இயந்திரம் ஓடவில்லை.

"நல்ல நாள் பார்த்துத்தான் வந்திருக்கீங்க. ஓடுற நாளா இருந்தா இந்தக் கதவுப் பக்கமே யாரும் போக முடியாது. வாங்க, காட்டறேன்."

ஆள் உயரத்தைவிடத் தடிமனான கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போனார்கள். உள்ளே ஒரு கிணறு. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கச் சொல்லி, விளக்கை அணைத்தாள் பொறியாளர்.

கிணற்றடியில் நீலம் எரிந்தது.

எரிந்தது என்று சொல்லலாமா தெரியவில்லை. புகை இல்லை, நெளிவு இல்லை, சத்தம் இல்லை. எத்தனையோ நீலத் துணிகளைக் கத்தரித்தவள் அவள். வானநீலம், மைநீலம், மயில்கழுத்து, எல்லாம் கைபட்டவை. அவற்றில் ஒன்றோடும் இது சேரவில்லை. தண்ணீரே விழித்துக்கொண்டு கீழேயிருந்து தன்னைப் பார்ப்பது போலிருந்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கை தானாகக் கும்பிடப் போய், வெட்கப்பட்டுப் பாதியில் நின்றது.

"அதுதான் கோபால்ட், கதிர் வீசற உலோகம். தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் நமக்கு ஆபத்தில்ல, தண்ணியே தடுத்துடும்" என்றாள் பொறியாளர். "வேலை நடக்கறப்போ மேல தூக்குவோம். பெட்டிங்க அதைச் சுத்திப் போய் வரும். கதிர் மரம், மெழுகு, தேன் எல்லாத்தையும் ஊடுருவிப் போகும். போற வழியில கிருமியோட உயிர்முடிச்சை அறுத்துடும்."

"தேன்ல அது தங்கிடாதா?"

"டார்ச் அடிச்சு அணைச்சா, வெளிச்சம் சுவத்துல ஒட்டிக்கிட்டா இருக்கு? இதுவும் அப்படித்தான். கோபால்ட் தேனைத் தொடறதே இல்ல. கதிர் மட்டும்தான் போகுது."

"காய்ச்சினா போதாதா?"

"அந்த விதையைக் கொல்ற அளவுக்குக் காய்ச்சினா தேன் பாகாயிடும், அடை உருகி ஓடிடும். இதுல பெருசா சூடே ஏறாது."

தையல்காரம்மா அதை மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். கொதிநீருக்குக்கூட அசையாத ஒன்றை, மெழுகின் ஒரு சுவரைக்கூட உடைக்காமல் உள்ளே புகுந்து அறுத்துவிட்டு, சுவடில்லாமல் போய்விடுகிற ஒன்று. ஊசிகூட நுழைந்தால் ஓட்டை விடும். இது விடுவதில்லை. வெளியே வெயிலுக்கு வந்த பிறகும் வெகுநேரம் அவள் கண்ணுக்குள் அந்த நீலம் நின்றது.

பெட்டிகள் சில நாளில் திரும்பி வந்தன. கூடவே வந்தது கலாட்டா. கண்ணாடி ஜாடிகள் அத்தனையும் புகை பிடித்தது போலப் பழுப்பாகியிருந்தன.

"பாத்தியா! நான் சொன்னேனா இல்லையா?" கணவர் இரண்டடி பின்னால் போனார்.

அவளுக்கும் பகீரென்றது. நிலையத்துக்குப் போன் போட்டாள். மறுமுனையில் பழைய சிரிப்பு. "ஐயோ, கண்ணாடின்னு சொல்லவே இல்லையே நீங்க! கதிர் பட்டா கண்ணாடி நிறம் மாறும். கெடுதல் ஒண்ணுமில்ல. தேனை வேற பாத்திரத்துல ஊத்திப் பாருங்க."

வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினாள். பொன்னாக இறங்கியது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அதே தேன், தொண்டையில் லேசாகக் காறுகிற அதே கடைசி ருசி. கணவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ நடக்கப்போகிறது என்று. எதுவும் நடக்கவில்லை. சாயங்காலம் அவள் சமையலறைக்குள் நுழைந்தபோது கிண்ணம் காலி. அவர் மீசையில் சாட்சி ஒட்டிக்கொண்டிருந்தது.

"டெஸ்ட் பண்ணேன்" என்றார்.

"முழுக் கிண்ணத்தையுமா?"

"சந்தேகம் பெருசா இருந்துச்சு."

நாத்தனார் மட்டும் கடைசி வரைக்கும் அசையவில்லை. யாரும் அவளை வற்புறுத்தவும் இல்லை.

பழைய அடைகளோடு இருந்த பெட்டிகளில் புதுக்கூட்டங்களைக் குடிவைத்தார்கள். முன்பு செத்தவை விட்டுப்போன தேனையே தின்று, அதே அறைகளைத் துடைத்துச் சுத்தம் செய்தன அவை. தையல்காரம்மாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பெட்டியைத் திறக்கிற நாள் வந்தபோது ஆய்வாளரும் வந்திருந்தார்.

அடையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். அறைக்கு அறை, வெள்ளை வெளேரென்று, பால்கஞ்சி போன்ற தீனியில் சுருண்டு கிடந்தன புழுக்கள். ஆய்வாளர் தீக்குச்சியை எடுத்தார், யோசித்தார், திரும்பச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்னம்மா, மூடலையா? குளிரடிச்சுடும் குஞ்சுங்களுக்கு."

"இருங்க சார், இன்னும் கொஞ்சம் பார்த்துக்கறேன்" என்றாள் அவள். அடையின் மறுமுனைக்கும் கை கொடுத்து, வெயில் இன்னும் நன்றாக விழும்படி சாய்த்துப் பிடித்தாள்.