டேல் பாடிய கீழ்க்குரல்

நேற்று கேஸ் ஸ்டேஷனில் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தேன். கூரை ஸ்பீக்கரில் அந்த டூயட் வந்துவிட்டது. பம்ப் 'டக்' என்று நின்ற பிறகும் எனக்கு நகர மனமில்லை. பின்னால் நின்றவர் ஹாரன் அடித்தார். அடிக்கட்டும் என்று முழுப்பாட்டையும் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

பெட்ரோல் வாசனையும் அந்தப் பாட்டும் சேர்ந்தால் எனக்கு நினைவு வருவது ஆபீஸ் நண்பன் டேலின் பிக்கப் டிரக்தான். கோபியிலிருந்து கல்யாணமாகி டெக்சாஸில் இர்விங் வந்து, அங்கே லாஸ் கொலினாஸ் பகுதியில் முதல் வேலையில் சேர்ந்த வருடம் அது. பள்ளிக்கூடத்தில் பட்டிமன்றம் பேசிக் கோப்பை வாங்கியவள் நான். இங்கே மீட்டிங்கில் வாயைத் திறந்தால் "சாரி?" என்பார்கள். திரும்பச் சொன்னால் மறுபடியும் "சாரி?" மூன்றாவது முறை "நத்திங்" என்று உட்கார்ந்துவிடுவேன். கொஞ்ச நாளில் அந்த "நத்திங்"கும் நின்றுபோயிற்று.

அந்த வருடம் டெக்சாஸே அந்தக் கன்ட்ரி மியூசிக் டூயட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தது. பிரிந்துபோன இருவர் ஆளுக்கோர் ஊரிலிருந்து ஒருவரையொருவர் குறை சொல்லும் பாட்டு. சண்டையைக்கூட இவ்வளவு இனிமையாகப் போடுகிறார்களே என்று ஆச்சரியம் எனக்கு. ஒருநாள் வேலை செய்தபடியே பெண்குரல் வரியை முணுமுணுத்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஆண்குரல் வரி வந்தது. அது டேல், என் வயதுக்காரன், அதுவரை 'ஹாய்' தவிர ஒன்றும் பேசியதில்லை. அந்த ஆபீஸில் "சாரி?" கேட்காமல் எனக்கு வந்த முதல் பதில் அதுதான். உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

கம்பெனி பிக்னிக்கில் இருவரும் பாடுவதாக அவனே பெயர் கொடுத்துவிட்டான். இது சொதப்பினால் இந்த நாட்டில் இனி வாயே திறப்பதில்லை என்று நானும் முடிவு கட்டிக்கொண்டேன்.

லஞ்ச் நேரத்தில் அவன் டிரக்கில் ஒத்திகை. பார்பிக்யூ புகையும் பெட்ரோல் கேனும் கலந்த வாசனை. தனித்தனி வரிகள் பிரமாதமாக வந்தன. இருவரும் சேர்ந்து பாடும் இடத்தில்தான் வினை. அவன் கீழே எங்கோ போய்விடுவான். நான் மூன்று வருடம் பாட்டு வகுப்புக்குப் போனவள் அல்லவா, பாவம், சுருதி விலகுகிறது என்று நினைத்து அவனைக் காப்பாற்ற நானும் கீழே இறங்குவேன். அவன் இன்னும் கீழே போவான். குறுகலான வழியில் எதிரெதிரே வருகிறவர்கள் ஒரே பக்கம் ஒதுங்குவார்களே, அந்தக் கதைதான். வீட்டில் ரெக்கார்டிங்கைக் கேட்ட என் கணவர், "அந்தாளு சுருதியே சேரலையே. நீ ஒண்ணும் கண்டுக்காத, அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்றார். நம் வீட்டில் இருவர் சேர்ந்து பாடினால் ஒரே மெட்டுத்தானே?

பிக்னிக்குக்கு முந்தின நாள் டேல் ரேடியோவை நிறுத்திவிட்டுப் பொறுமையாகச் சொன்னான். நான் இறங்கவே கூடாதாம். அவன் வேறு மெட்டுத்தான் பாடுகிறானாம், வேண்டுமென்றே; அதற்கு ஹார்மனி என்று பேராம். நான் மேலேயே நின்றால்தான் அவன் கீழே நிற்க முடியுமாம். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

மறுநாள் மேடையேறினோம். சேர்ந்து பாடும் அந்த இடம் வந்தது. அவன் குரல் கீழே போனது. இறங்கத் துடித்த தொண்டையைப் பிடித்து வைத்துக்கொண்டு நான் மேலேயே நின்றேன். ஐயோ, அந்தச் சத்தம்! இரண்டு குரலும் ஒட்டிக்கொண்டு, மூன்றாவதாக யாரோ எங்களோடு பாடுகிற மாதிரி இருந்தது. முன்வரிசையில் என் கணவர் மட்டும், டேலைப் பார்த்து, "கொஞ்சம் ஏத்துங்க" என்று கையைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

திங்கட்கிழமை மீட்டிங்கில் பேசினேன். ஒருவர் "சாரி?" என்றார். திரும்பச் சொன்னேன். மறுபடியும் "சாரி?" மூன்றாவது முறையும் சொன்னேன், இன்னும் சத்தமாக. புரிந்துகொண்டார்.

இப்போது அந்த ஆபீஸ் கட்டிடத்தில் வேறு யாரோ இருக்கிறார்கள். டேல் போன வருடம் மாரடைப்பில் போய்விட்டான், பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடத்தில். "நத்திங்" என்று உட்கார்ந்த அந்தப் பெண்ணும் இல்லை. அவள் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. அவன் போனதுதான் ஆறவில்லை.