குடிநீர் என்று எழுத முடியாத தண்ணீர்

எங்கள் ஊர் கடலோடு ஒட்டிக் கிடக்கிறது. எந்த வளவில் தோண்டினாலும் நீர் வரும். ஆனால் உவர். குளிக்கலாம், துணி தோய்க்கலாம், வாயில் வைக்க முடியாது. குடிக்கிற தண்ணீர் பிரதேச சபையின் பவுசர் லொறியில் வரும், வந்தால். வராத நாட்களில் ஆண்கள் மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கான்களைக் கட்டிக்கொண்டு, நல்ல கிணறுகள் உள்ள நெல்லியடிப் பக்கம் போவார்கள். ஆண்கள் கடலுக்குப் போன வீடுகளில் பெண்கள் அடுத்த வீட்டுக் கானைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே ஊருக்கென்று ஒரு குடிநீர்த் திட்டம் தொடங்கலாம் என்று கதை வந்தபோது மறுத்தவர் எவரும் இல்லை. கனடாவில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் செலவைப் பொறுப்பெடுத்தார்கள். உள்ளே, தோட்டப் பக்கத்தில், ஒருவர் காணித் துண்டு ஒன்று தந்தார். அங்கே கிணறு, ஊர் நடுவில் தண்ணீர்த் தாங்கி, இடையில் நிலத்துக்குக் கீழே குழாய். நீர்ப்பாவனையாளர் சங்கம் என்று ஒன்றைப் பதிந்தோம். படகுகள் வைத்துத் தொழில் செய்கிற ஒரு பெரியவர் தலைவர் ஆனார். ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. கூட்டுறவுக் கடையில் வேலை செய்கிற எனக்கு அலுவலகப் படிகள் ஏறப் பயமில்லை என்று சொல்லி என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

கிணறு வெட்டி முடிந்த அன்று தலைவர் ஒரு செம்பு அள்ளிக் குடித்தார். "இளநி மாதிரிக் கிடக்கு," என்றார். எங்களைப் பொறுத்தவரை வேலை அதோடு முடிந்தது.

அப்படி இல்லை என்று சொன்னவர் பொது சுகாதாரப் பரிசோதகர். நாங்கள் பி.எச்.ஐ என்போம். என்னைவிட இளையவர். கிணற்றைச் சுற்றி நடந்து, பக்கத்து வளவின் மலசலகூடக் குழி எங்கே, மாட்டுக்கொட்டில் எங்கே என்று கேட்டார். கிணற்றுக்கு மூடி இல்லை, மழைத் தண்ணீர் வழிந்து உள்ளே போகாதபடி கட்டு உயரம் காணாது என்றார்.

"தண்ணி இனிச்சாப்போலை காணாது அக்கா. ஒரு வீட்டுக் கிணறு எண்டால் அது உங்கடை பாடு. ஊருக்குக் குடுக்கிறது எண்டால் ஆய்வுகூட அறிக்கை ரெண்டு வேணும், கிருமிக்கு ஒண்டு, இரசாயனத்துக்கு ஒண்டு. எவ்வளவு இறைக்கலாம் எண்டு நீர்வளப் பக்கம் சொல்ல வேணும். குளோரீன் போடப் பழகின ஆள் வேணும். எல்லாம் சரி எண்டு சுகாதார வைத்திய அதிகாரி எழுதித் தந்த பிறகுதான் குடிநீர் எண்டு போர்டு போடலாம்."

பிறகு, பொறுப்பானவர் என்று ஒருவரின் பெயரைக் கேட்டார். நாளைக்கு ஒன்று பிழைத்தால் யாரிடம் வருவது என்று தெரிய வேண்டுமாம். எல்லாரும் தலைவரைப் பார்த்தோம்.

"நான் கடலிலை நிக்கிற ஆள்," என்றார் தலைவர், என்னைக் காட்டி. "தங்கச்சியின்ரை பேரைப் போடுங்கோ."

போட்டேன். அந்த நேரம் அது பெரிய விசயமாகத் தெரியவில்லை.

கிருமி அறிக்கை முதலில் பிழைத்தது. எங்கள் நிலம் சுண்ணக்கல். மேலே ஊற்றுவது கீழே எங்கேயும் போகும். பக்கத்து வளவுக்காரர் முணுமுணுத்தபடியே மலசலகூடக் குழியை மாற்ற ஒத்துக்கொண்டார். கிணற்றை இறைத்துக் கழுவினோம், கட்டை உயர்த்தினோம், மூடி போட்டோம். அடுத்த மாதிரி சரிவந்தது. இரசாயன அறிக்கை மட்டும் வரவில்லை. அதற்குள் கனடாவில் காசு சேர்த்தவர்களில் ஒருவர், திட்டத்தைத் திறந்து வைக்க, ஊரில் வந்து இறங்கிவிட்டார். திறப்புவிழா ஞாயிற்றுக்கிழமை என்று தலைவர் நாள் குறித்தார்.

அந்தக் கிழமை வியாழன் பின்னேரம் பி.எச்.ஐ நேரே கூட்டுறவுக் கடைக்கு வந்தார். சாமான் வாங்க நின்றவர்கள் போகும்வரை காத்துக்கொண்டு நின்றார்.

"நைத்திரேற்று கூட அக்கா. அனுமதிச்ச அளவுக்கு மேலை."

சுற்றிவர வெங்காயத் தோட்டம், புகையிலைத் தோட்டம். வருசக்கணக்காகப் போட்ட உரம் மழையோடு கீழே இறங்கியிருக்கிறது. வாயில் தெரியாது, கண்ணில் தெரியாது. பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் செய்யாது.

"சூப்பிப் போத்தலிலை பால்மா குடிக்கிற கைக்குழந்தையளுக்குத்தான் பயம். இரத்தம் காத்தைக் கொண்டுபோகாது. உதடு, நகம் எல்லாம் நீலம் பாரிக்கும். கொதிக்க வைச்சாலும் போகாது, தண்ணி வத்த வத்தக் கூடத்தான் செய்யும். திறக்க விடாதேங்கோ."

வெள்ளிக்கிழமை வாசிகசாலையில் கூட்டம். நான் அறிக்கையை வாசித்து முடித்தேன். பிறகு எல்லாரும் ஒன்றாகக் கதைத்தார்கள். தோட்டக்காரர் தலைமுறை தலைமுறையாக அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறார்கள், யார் நீலமாய்ப் போனது என்று ஒருவர் கேட்டார். கனடாவிலிருந்து வந்தவர் கிழமை முடியத் திரும்பிப் போகிறார், அவருக்கு எந்த முகத்தோடு சொல்வது என்றார் இன்னொருவர்.

"ஞாயிற்றுக்கிழமை திறப்பம்," என்றார் தலைவர். "பிறகு நைத்திரேற்றை எடுக்கிற மிசின் ஒண்டு வாங்கிப் பூட்டுவம். ஒரு நாளைக்குத்தானே."

"ஒரு நாள் திறந்தால் மற்ற நாள் பூட்ட ஏலாது அண்ணை. சனம் விடாது. நான் ஒத்துக்கொள்ள மாட்டன். பேர் என்ரை."

"உனக்கு உன்ரை பேர்தான் பெரிசு," என்று பின்னுக்கிருந்து ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அந்தக் குரலைத் தெரியும். என் கணவரோடு ஒரே படகில் போகிறவர்.

முடிவில்லாமல் கூட்டம் கலைந்தது. தாங்கி வால்வைப் பூட்டித் திறக்கிற திறப்பு தலைவரிடம் இருந்தது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு ஒவ்வொன்றாய்ப் போய்ச் சொல்வது என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். ஞாயிறு வரைக்கும் நேரம் இருக்கிறது என்றே நம்பினேன்.

சனிக்கிழமை காலை கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். அயல்வீட்டுப் பெண் வந்தாள். தலை நனைந்திருந்தது, முகத்தில் சிரிப்பு.

"தண்ணி வந்திட்டுது. நீ இஞ்சை நிக்கிறாய்?"

தராசை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். தாங்கியடியில் திருவிழாக் கூட்டம். குழாய் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வால்வுக்குப் பக்கத்தில் நின்றார்.

"நாளைக்கு ஊத்தை வரக்கூடாது எண்டு குழாய் கழுவுறம் தங்கச்சி. அவ்வளவுதான்."

"அப்ப உந்தக் குடங்கள் என்னத்துக்கு?"

குடத்தோடு நின்றவர்களிடம் திரும்பி, ஆர் ஆர் கொண்டு போனது என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. வரிசையில் நின்ற ஒரு மனுசி சந்தோசமாகச் சொன்னாள்:

"முதல் குடம் உன்ரை தங்கச்சிக்குத்தான். நீ பட்ட பாட்டுக்கு அவளை முன்னுக்கு விட்டனாங்கள்."

என் தங்கைக்குப் பிள்ளை பிறந்து மூன்றாவது மாதம். பிரசவத்தோடு அவளுக்குச் சுகமில்லாமல் போய், மருந்து எடுப்பதால் பிள்ளைக்கு டொக்டர் சொன்னபடி பால்மாதான். அவளுக்கும் பின்னேரம் போய்ச் சொல்லலாம் என்றுதான் விட்டிருந்தேன்.

அவள் வீடு கடற்கரைப் பக்கம், கடைசி ஒழுங்கையில். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. நான் போனபோது அவள் பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பத்துக்குத் தட்டிக்கொண்டிருந்தாள். சூப்பிப் போத்தல் மேசையில், அடியில் கொஞ்சம் பால்.

"எந்தத் தண்ணியிலை கரைச்சனி?"

"புதுத் தண்ணியிலை. ஏன் அக்கா?"

பிள்ளையை அவளிடமிருந்து பறித்தேன் என்றே சொல்ல வேண்டும். முற்றத்து வெளிச்சத்தில் உதட்டைப் பார்த்தேன். நகத்தைப் பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் நீலமாகத் தெரிந்தது. மறுபடி சிவப்பு. பயந்த கண்ணுக்கு எல்லா நிறமும் தெரியும். நான் சொல்லச் சொல்லத் தங்கை போத்தலை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"கொதிக்க வைச்சுத்தானே அக்கா கரைச்சனான்," என்றாள். "நல்லாக் கொதிக்க வைச்சனான்."

ஓட்டோ பிடித்து ஆசுப்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் பிள்ளை நித்திரை. நித்திரையா மயக்கமா என்று ஒவ்வொரு வளைவிலும் கன்னத்தில் தட்டினேன். அழுதால் நிம்மதியாக இருக்கும். அவன் அழவில்லை, கொட்டாவி விட்டான். தங்கை என்னைப் பார்க்கவே இல்லை.

பணியில் இருந்த டொக்டர் இளம் பெண். பிள்ளையின் கால் பெருவிரலில் ஒட்சிசன் அளக்கிற ஒரு சிறிய கிளிப்பைப் பூட்டிவிட்டு, கரைத்த அளவு, நேரம், தண்ணீர் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டார். அறிக்கையில் இருந்ததை மனப்பாடமாகச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தெரிஞ்சு கொண்டு ஏன் திறந்தனீங்கள்?"

நான் பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டேன். ஒரு தரம் குடித்ததால் பெரிதாக ஒன்றும் வராது என்றுதான் தான் நினைப்பதாகவும், ஆனாலும் பின்னேரம் வரை பார்த்துத்தான் விடுவதாகவும் அவர் சொன்னார். நாங்கள் கட்டிலின் இரண்டு பக்கமும் இருந்தோம். கருவியில் எண்கள் ஏறி இறங்கின. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தங்கை தாதியைத் தேடி எழும்பினாள்.

மத்தியானம் தலைவர் வந்தார். சாரம் இன்னும் நனைந்தே இருந்தது. கட்டிலுக்குக் கிட்ட வராமல் வாசலில் நின்றார்.

"பிள்ளை எப்பிடி?"

"பாத்துக்கொண்டிருக்கினம்."

"நானும் அதிலைதான் காலமை தேத்தண்ணி குடிச்சனான் தங்கச்சி. எனக்கு ஒண்டும் செய்யேல்லை."

"உங்களுக்குச் செய்யாது அண்ணை. அதைத்தான் நேற்று முழுக்கச் சொன்னனான்."

அவர் பிள்ளையின் காலில் பூட்டியிருந்த கிளிப்பை நெடுநேரம் பார்த்தார். தங்கை தலையைத் தூக்கி, "நீங்கள்தானே என்னை முன்னுக்குக் கூப்பிட்டனீங்கள்," என்றாள். கோபமாக அல்ல, மறந்ததை ஞாபகப்படுத்துவது போல. அவர் திரும்பி நடந்துவிட்டார்.

அவர் என்ன செய்தார் என்பதை அயல்வீட்டுப் பெண்தான் பிறகு எனக்குச் சொன்னாள். நேரே போய் வால்வைப் பூட்டினாராம். அதன் பிறகு ஒழுங்கை ஒழுங்கையாக, படலை படலையாகப் போய், "காலமை எடுத்த தண்ணியை ஊத்திப் போடுங்கோ," என்றாராம். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "பிள்ளையளுக்குக் கூடாது, எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் திறந்தனான்," என்று மட்டும் சொன்னாராம். ஊத்த மறுத்த ஒரு வீட்டில் தானே குடத்தைத் தூக்கிக் கவிழ்த்தாராம்.

பின்னேரம் பிள்ளைக்குப் பசி வந்தது. வார்டு முழுக்கக் கேட்க அழுதான். போத்தல் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். டொக்டர் இன்னொரு முறை பார்த்துவிட்டு வீட்டுக்கு விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை திறப்புவிழா நடக்கவில்லை. பந்தலைக் கழற்றினார்கள். கனடாவிலிருந்து வந்தவருக்குத் தலைவரே விளக்கம் சொன்னார். வந்தவர் கோபித்துக்கொண்டு தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார். அடுத்த நாள் பவுசர் வந்தபோது வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் என்னோடு கதைக்கவில்லை. முன்னால் நின்றவர்களும்தான். பிள்ளைக்குத்தான் ஒன்றும் நடக்கவில்லையே, அதற்குப் போய் இவ்வளவு கூத்தா என்று கடைக்கு வந்தவர்கள் என் காது கேட்கச் சொன்னார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்பது உண்மை. நான் சாமானை நிறுத்துக் கொடுத்தேன்.

தோட்டக் கிணற்றுத் தண்ணீரைக் குளிக்கவும் துணி தோய்க்கவும் விட்டார்கள். குடிநீருக்கு வேறு இடம் தேடினோம். இந்த முறை பி.எச்.ஐயையும் கூட்டிக்கொண்டு போய், முதலில் மாதிரி எடுத்து, அறிக்கை வந்த பிறகுதான் வெட்டுவது என்று தலைவர் பிடிவாதமாக நின்றார். இரண்டு இடங்கள் பிழைத்தன. மூன்றாவது, தோட்டங்களுக்கு அப்பால் மணல் பிட்டிப் பக்கம், தேறியது; அங்கே வெட்டித் தாங்கிக்குக் குழாய் இழுத்தோம். ஆனால் ஒரு அளவுக்கு மேல் இறைத்தால் கடல் உள்ளே வரும், அதற்கு மேல் ஒரு வாளிகூட எடுக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். ஆகவே தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். மழை இல்லாத மாதங்களில் அதுவும் குறையும். அப்போது தாங்கியடியில் சண்டை வரும், நான் போய் விலக்குவேன். மாதத்துக்கு ஒரு தரம் தண்ணீர் மாதிரி ஆய்வுகூடத்துக்குப் போகும். அறிக்கை வரும்வரை பி.எச்.ஐயை வழியில் கண்டாலும் நிறுத்திக் கேட்பேன்.

பிள்ளைக்கு இப்போது நடை வந்துவிட்டது. தங்கை எல்லாவற்றுக்கும் புதுக் குழாய்த் தண்ணீரைத்தான் எடுக்கிறாள், அவனுக்குக் குடிக்க மட்டும் கடையில் போத்தல் வாங்குகிறாள். அறிக்கைகளைக் காட்டி, இந்தத் தண்ணீரில் அவனுக்கும் பயமில்லை என்று ஒரு நாள் எடுத்துச் சொன்னேன். ஓம் அக்கா, ஓம் அக்கா என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த நாளும் போத்தல்தான் வாங்கினாள்.