நிற்காத தறி

நான் அடுப்படியில் இருந்தாலும், என் மகன் தறியில் எப்படி இருக்கிறான் என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனால் பிறந்த வீட்டிலும் தறி, புகுந்த வீட்டிலும் தறி.

அவனுக்குச் சில மாதம் மனசு பறக்கும். தூங்கமாட்டான், பேச்சு நிற்காது, தறி தடதடவென்று ஓடும். பிறகு சில மாதம் பாயைவிட்டு எழமாட்டான். நான்தான் ஊட்டிவிட வேண்டும். பறந்த சமயத்தில் ஒருமுறை முருகன் மலைக்குப் போய், கட்டியிருந்த வேட்டியை யாருக்கோ கொடுத்துவிட்டுக் கோவணத்தோடு வந்தான். முருகன் வந்திருக்கிறான் என்று தெருவே அவன் காலில் விழுந்தது. நான் மெட்ராஸுக்கு அழைத்துப் போனேன். மாத்திரையை நிறுத்தவே கூடாது, ஏறுகிறது என்று தெரிந்தால் உடனே வாருங்கள், முற்றினால் கட்டிப்போட வேண்டிவரும் என்றார் டாக்டர்.

அதிலிருந்து என் காது தறியிலேயே கிடந்தது. சத்தம் வேகமானால் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவேன். அவன் அப்பாவுக்கு அது பிடிக்காது.

"புள்ள சுறுசுறுப்பா நெய்துகினு கீறான். கண்ணு வெக்காதடி."

ஓர் ஆடி மாதம். தெருவில் காவடி மேளம். தறி காலையிலிருந்து நிதானமாகத்தான் ஓடியது. ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புளியைக் கரைத்தேன், வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது: தறி ஒருதரம்கூட நிற்கவில்லை. நீளவாக்கில் கட்டிய பாவில் இழை அறுந்தால், தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டு முடிய வேண்டும். அறாத பாவு எங்கே இருக்கிறது?

போய்ப் பார்த்தேன். அறுந்த இழைகள் தாடிபோலத் தொங்கின. கால் நிதானமாக மிதித்தது. உதடு மட்டும் ஓயாமல் என்னவோ பேசியது.

"மாத்திர போட்டியா நைனா?" என்றேன் மகனிடம்.

"நீ கேட்டுகினு இருப்பன்னுதான மெதுவா மெதிச்சேன்! எப்படிம்மா கண்டுபுட்ச்ச?" சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. "அத்த போட்டா கை நடுங்குதும்மா. நூல ஓட்டற நாடா கோணலா போவுது. அப்பா திட்டறாரு."

"அதையே டாக்டராண்ட சொல்லலாம் வா."

"வரல."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சரி, வராத. நான் இழைய முடியறேன். அதுவரிக்கும் காலையாவது நிறுத்து."

கடைசி இழையை நான் முடிகிறவரை முணுமுணுத்தான். ஆனால் கால் நின்றது. அன்றைக்கே ரயில் ஏறினோம். டாக்டர் மாத்திரையின் அளவை மாற்றிக் கொடுத்தார்.

திரும்பி வந்தபிறகு தறி அடிக்கடி நின்றது. நின்றாலும், மறுபடி பாயில் விழுந்துவிட்டானோ என்று எனக்குப் பதைக்கும். நான் எழுவதற்குள் அவனே கத்துவான்:

"இழதாம்மா! இழதான் அறுந்துச்சி!"

ஆனாலும் போய்ப் பார்ப்பேன்.